குமரி மாவட்ட அடுக்களை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துக்குக் கல்யாணமாகி வந்த வெளியூர்க்காரர்களும், வேலைக்காகச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட நம்மூர்ப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவுகள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு.

குமரி மாவட்டச் சாப்பாடு என்றால் கேரளச் சாப்பாடுதானே?

இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நெடுங்காலம் திருவிதாங்கூரோடு இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. ஒரே அரசின் கீழ் இருந்த இரண்டு பக்கத்துக்கும் அவியல், எரிசேரி, புளிசேரி, பப்படம், பாயசம் எல்லாம் பொது. ஆனால் தீபாவளிக்கு முந்திரிக்கொத்து சுடுவதும், உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் அரைப்பதும், ஆடிச் செவ்வாய்க்கு ஔவையார் கொழுக்கட்டை அவிப்பதும் தெற்கத்தித் தமிழ் வீடுகளின் வழக்கம்.

மாவட்டத்துக்குள்ளேயே ருசி மாறும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நாஞ்சில்நாட்டு வயல்காடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு நெல் விளைந்த மண். அங்கே சோற்றைச் சுற்றித்தான் கறி. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மேட்டு நிலம். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), வாழை, பலா, ரப்பர். அங்கே கிழங்கும் மீனும் சேர்ந்தால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது. கடற்கரை ஊர்களில் அன்றைக்குக் கரையில் என்ன மீன் ஏறியதோ அதுதான் அன்றைய சமையல். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்காமல் ‘குமரிச் சமையல்’ என்று ஏதாவது ஒரு குழம்பைக் காட்டினால் பாதிதான் தெரியும்.

எல்லாக் கறிக்கும் தேங்காய் அரைக்கிறீர்களே, எல்லாம் ஒரே ருசியாக இருக்காதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தேவைப்படாது.

தேங்காய் ஒன்றுதான், பதம்தான் வேறு. துவரனுக்கு, அதாவது தேங்காய் போட்ட பொரியலுக்கு, தேங்காயை அரைக்கவே கூடாது. சீரகம், பச்சை மிளகாய், ஒரு பல் வெள்ளைப்பூண்டு, மஞ்சளோடு சதைத்து எடுக்க வேண்டும். தேங்காய்த் துருவல் துருவலாகவே தெரிய வேண்டும். அவியலுக்கு அதைவிட ஒரு படி கூடுதல், ஆனாலும் கொரகொரப்பு இருக்க வேண்டும். புளிசேரிக்கு விரலில் தேய்த்தால் திப்பி தட்டாத அளவு மைய அரைக்க வேண்டும், இல்லையென்றால் தயிரோடு சேராமல் தனியே நிற்கும். மீன் குழம்புக்கும் மைய அரைப்புதான், ஆனால் மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள்பொடியைத் தேங்காயோடு சேர்த்தே அரைப்போம். பொடியைப் பிறகு குழம்பில் தூவினால் பச்சை வாடை அடிக்கும். எரிசேரிக்கு இரண்டு தேங்காய் வேண்டும்: நல்லமிளகும் (மிளகு) சீரகமும் சேர்த்து அரைத்தது ஒன்று, எண்ணெயில் சிவக்க வறுத்துக் கடைசியில் மேலே போடும் துருவல் இன்னொன்று. தீயல் என்ற புளிக்குழம்புக்கு முழுக்க வறுத்து அரைப்பது.

ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே தேங்காயின் இரண்டு மூடியில் துவரனும் தீயலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே காயைத்தான் உடைத்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காயின் முற்றலையும் பார்க்க வேண்டும். துவரனுக்கும் அவியலுக்கும் அதிகம் முற்றாத காய். பால் இருக்கும், இனிப்பு இருக்கும். தீயலுக்கு நன்றாக முற்றிய, எண்ணெய்ப் பிடிப்புள்ள காய். புவிசார் குறியீடு வாங்கிய ஈத்தாமொழி நெட்டைத் தென்னையின் முற்றின காய் கிடைத்தால் தீயலுக்கு வேறு காய் தேட வேண்டாம்.

என் தீயல் சில நாள் கசக்கிறது, சில நாள் சாம்பார் மாதிரி வெளிறிப் போகிறது. எங்கே தவறுகிறது?

வறுப்பில். அடுப்பைக் கூட்டி வைத்து வறுத்தால் ஓரம் கருகும், நடு வேகாது. அந்த ஓரம்தான் கசப்பு. பயந்துபோய்ச் சீக்கிரம் இறக்கினால் வெளிறும்.

ஒரு மூடித் தேங்காயைத் துருவிக்கொள்ளுங்கள். அடிகனமான உருளியிலோ இரும்புச் சட்டியிலோ ஒரு சிறு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, துருவல், நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். முதல் ஐந்தாறு நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். தேங்காயின் ஈரம் போகும் நேரம் அது. ஈரம் போன பிறகுதான் நிறம் ஏறத் தொடங்கும். பொன்னிறம் வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஆறு வற்றல் மிளகாய், அரைத் தேக்கரண்டி நல்லமிளகு சேருங்கள். இதற்கு மேல் கையை எடுக்கவே கூடாது. நிறம் காப்பிக்கொட்டை அளவுக்கு வரும்போது தீயை அணைத்துவிட்டு, சட்டியில் வைக்காமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சட்டிச் சூட்டிலேயே இன்னும் ஒரு நிறம் ஏறிவிடும். கசப்பதாகச் சொல்கிறவர்களில் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் விடாமல் அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் பிரிந்து விழுதாகத் திரளும். அந்த எண்ணெய் வரும்வரை அரைத்தால் தீயலுக்குத் தனியாக எண்ணெய் மிதக்க வேண்டியதில்லை. உள்ளியோ கத்தரிக்காயோ பாவற்காயோ எண்ணெயில் வதக்கி, நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து விட்டு, காய் வெந்ததும் அரைப்பைக் கலக்கி, ஒரே ஒரு கொதி. நீளக் கொதிக்க விட்டால் வறுத்த மணம் போய்விடும். இறால் போட்டும் வைக்கலாம். இறாலை வதக்கி எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் சேர்த்தால் ரப்பராகாது.

தீயல் வைத்த அன்றைக்கு மதியம் சாப்பிடுவதைவிட ராத்திரி சாப்பிடுவது நல்லது. மறுநாள் காலையில் பழஞ்சிக்கு (தண்ணீர் விட்டு வைத்த பழைய சோறு) தொட்டுக்கொள்வது அதைவிட நல்லது.

எந்த மீனுக்கு எந்தக் குழம்பு?

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். கடற்கரை வீடுகளில் இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்கள்.

நெத்திலி என்றால் அவியல். அரைக் கிலோ நெத்திலியைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்து மண்சட்டியில் போடுங்கள். ஒரு மூடித் தேங்காய், ஐந்து சின்ன உள்ளி, கொஞ்சம் சீரகம், மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகாய்ப்பொடி, இவற்றைக் கொரகொரப்பாக அரைத்து மேலே வையுங்கள். கீறிய பச்சை மிளகாய், விரல் நீள முருங்கைக்காய்த் துண்டுகள், நல்ல புளிப்பான மாங்காய், கறிவேப்பிலை, உப்பு. கை நனையும் அளவுத் தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசறி மூடிவைத்துச் சிறு தீயில் பத்து நிமிஷம். கரண்டி போடவே கூடாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். இறக்கி ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய். மாங்காய் இல்லாத நாளில் புளி ஊற்றலாம், ஆனால் மாங்காய் போட்டதுக்குத் தனி ருசி.

சாளைக்கு (மத்தி மீன்) புளிமுளம். இதில் தேங்காயே கிடையாது. சின்ன உள்ளி, இஞ்சி, வெள்ளைப்பூண்டு, பச்சை மிளகாயைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, மிளகாய்ப்பொடி போட்டு, புளித்தண்ணீர் விட்டுக் கொதித்ததும் சாளையைப் போட்டு வற்ற வைப்பது. சாளையிலேயே நெய் இருப்பதால் தேங்காய் அரைப்பு சேர்ந்தால் சிலருக்குத் திகட்டும். மழை கழிந்து வரும் சாளையில் அந்த நெய் இன்னும் கூடுதல்.

அயிலைக்கு (கானாங்கெளுத்தி) மைய அரைத்த தேங்காய்க் குழம்பு, புளி சற்றுத் தூக்கலாக. நெய்மீன், பாரை, விளமீன் மாதிரி சதை கெட்டியான மீன்கள் பொரிக்கவும் ஆகும், வறுத்தரைத்த குழம்புக்கும் ஆகும். வெளியூரில் வஞ்சிரம் என்று விற்பது நாம் நெய்மீன் என்று கேட்டு வாங்கும் மீன்தான்.

காலையில் தெருமுனையில் மீன்காரரின் ஸ்கூட்டர் ஹார்ன் கேட்டதும் நாலு வீட்டு வாசலில் சட்டியோடு ஆள் நிற்கும். “மைனி, இன்னைக்கு சாளதான் கெடக்கு, நல்ல பச்ச மீனு” என்று அவர் சொன்ன பிறகுதான் அன்றைய குழம்பு முடிவாகும். முதலில் குழம்பை முடிவு செய்துவிட்டு அதற்கு மீன் தேடப் போனால் குமரி மாவட்டத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மீனே கிடைக்காதா?

கிடைக்கும். விசைப்படகுகளுக்குத்தான் தடை. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டிலும் 61 நாள். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கில். அதனால் ஒரு பக்கம் அடைத்திருக்கும்போது மறுபக்கம் திறந்திருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. அப்போதும் வள்ளக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் கரையோரத்தில் பிடித்து வருவது சந்தைக்கு வரும். அளவு குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றே பிடித்த மீன்.

கடலும் கொந்தளித்து வள்ளமும் இறங்காத ஆனி, ஆடி நாட்களுக்குக் கருவாடு இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டைத் தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன உள்ளியோடு சதைத்துத் துவையலாக்கினால் சாரல் நாளில் கஞ்சிக்கு வேறொன்றும் வேண்டாம்.

மரச்சீனிக் கிழங்கு சாப்பிட்டால் ஆபத்து என்கிறார்களே?

சரியாக வேகவைக்காவிட்டால் ஆபத்துதான். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது; கசப்பு ரகங்களில் அதிகம். அதனால் நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து செய்து வருவதை மாற்ற வேண்டாம். மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும். துண்டாக்கிக் கழுவி, மூழ்க மூழ்கத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி புதுத் தண்ணீர், உப்பு, மஞ்சள் போட்டு வேகவைத்து அதையும் வடிக்க வேண்டும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வேகவைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கிழங்கையே தூரப் போடுங்கள்.

பறித்து இரண்டு மூன்று நாளுக்குள் சமைக்க வேண்டும். வெட்டும்போது உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் பழையது.

மயக்கு என்ற கிழங்கு மசியல் செய்ய, வெந்து வடித்த கிழங்கு சூடாக இருக்கும்போதே, சதைத்த தேங்காய், சீரகம், வெள்ளைப்பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சளைப் போட்டு மரக்கரண்டியால் உடைத்துக் கிளறி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்ட வேண்டும். அவித்த கிழங்கை அப்படியே எடுத்துக் காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, உப்பு, தேங்காய் எண்ணெயில் நசுக்கியதைத் தொட்டுச் சாப்பிடுவது இன்னும் எளிது. மேற்கே மாட்டிறைச்சியும் கிழங்கும் எல்லோரும் அறிந்த ஜோடி.

இந்தக் கிழங்கை ஏழைகள் சாப்பாடு என்று சொல்கிறவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் இதைப் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது இங்குள்ள குடும்பங்களின் பசியைத் தாங்கியது இந்தக் கிழங்குதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

சம்பா அரிசி எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவில்லை.

தவிடு போகாத புழுங்கல் அரிசி, பொறுமை வேண்டும். அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசிக்கு நாலைந்து மடங்கு கொதிக்கும் தண்ணீரில் போட்டு, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிட்டு வடியுங்கள். காஸ் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் நன்றாகக் கொதித்த பின் சூடு காக்கும் பாத்திரத்துக்குள் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடியுங்கள்.

புட்டு ஒரு நாள் கல்லாகிறது, ஒரு நாள் பொடியாக உதிர்கிறது.

மாவின் ஈரம்தான் காரணம். வறுத்த, சற்றுக் கொரகொரப்பான மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். கைப்பிடியில் பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிசறியதைப் பத்து நிமிஷம் மூடி வைத்தால் ஈரம் எங்கும் சமமாகப் பரவும். கட்டி விழுந்திருந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. குழலில் போடும்போது அமுக்காதீர்கள். மேலே ஆவி நன்றாக வந்த பிறகு மூன்று நாலு நிமிஷம் போதும்.

சிறுபயறும் பப்படமும் ஒரு வழி, மட்டிப்பழம் பிசைவது இன்னொரு வழி. மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

மட்டிப்பழத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மணம். அறையில் ஒரு சீப்பு பழுத்தால் வாசலில் வரும்போதே தெரியும். விரலளவு சின்னப் பழம், மெல்லிய தோல், மாவு இல்லாத இனிப்பு. செம்மட்டி, தேன்மட்டி என்று வகைகளும் உண்டு. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது மசித்துக் கொடுக்கும் பழம் எங்கள் பக்கம் இதுதான்.

நன்றாகப் பழுத்தால் காம்பிலிருந்து தானே கழன்றுவிடும். அதனால்தான் தூர ஊர்ச் சந்தைகளில் கிடைப்பது அரிது. சற்றுக் காயாக வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்து மணமும் போய்விடும்.

வாழையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டன், பேயன், ஏத்தன் (நேந்திரன்) எல்லாம் ஒரே கடையில் குலை குலையாகத் தொங்கும். விருந்தாளி வந்தால் எதை அறுப்பது என்பதே ஒரு சந்தோஷமான குழப்பம்.

சாயங்காலம் டீயோடு என்ன?

நாகர்கோவிலில் கேட்டால் முதலில் ரசவடை. பருப்பு வடையைச் சூடாக எடுத்துச் சூடான ரசத்தில் ஊறப்போட வேண்டும். இரண்டில் ஒன்று ஆறியிருந்தாலும் ரசம் உள்ளே இறங்காது. வடை மாவில் பருப்பு அரையும் குறையுமாக இருந்தால்தான் ரசம் புகும். ரசம் நல்லமிளகும் வெள்ளைப்பூண்டும் தூக்கலாக, தண்ணீராக இருக்க வேண்டும்.

அடுத்து நன்கு பழுத்த ஏத்தன் பழ பஜ்ஜி. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம்தான் வேண்டும்.

ஏத்தங்காய் சிப்ஸ் வீட்டில் செய்கிறவர்கள் கேட்பது, ஏன் மொறுமொறுப்பு நிற்பதில்லை என்று. முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காய் வேண்டும். தோலுரித்து மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டால் கறை போகும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்த தேங்காய் எண்ணெயில் நேராகச் சீவிவிட்டு, பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை எண்ணெயிலேயே தெளிக்க வேண்டும். எண்ணெய் பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சலசலப்பு அடங்கி, கரண்டியில் அள்ளும்போது கலகலவென்று சத்தம் கேட்டால் எடுக்கலாம். முழுதும் ஆறும் முன்பே டப்பாவில் அடைத்தால் நமத்துப் போகும்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு எவ்வளவு போட வேண்டும்?

போட வேண்டியதே இல்லை. சிறுபயறு உருண்டை அது. அரைக் கிலோ சிறுபயற்றை மணம் வரும்வரை வறுத்து, தோல் புடைத்து, ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். சிவக்க வறுத்த தேங்காய்த் துருவல், வறுத்த எள், ஏலம், சுக்கு சேருங்கள். கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி வடிகட்டி, சூடாகவே ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும். ஒருவர் கிளற, இரண்டு பேர் உருட்டினால்தான் ஆறும் முன் முடியும். அத்தையும் மைனியும் பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக வேலை ஓடிவிடும்.

உருண்டைகளை ஒரு ராத்திரி உலரவிட்டு, மஞ்சள் கலந்த பச்சரிசி மாவில் முக்கி மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விடுங்கள். மாவு நீர்த்திருந்தால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும். கரண்டியில் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். ஈரக்கை படாமல் வைத்தால் பத்து நாள் தாராளமாக இருக்கும். தேங்காயை நன்றாக வறுக்காவிட்டால் மூன்றாம் நாளே சிக்கு வாடை வரும்.

ஔவையார் கொழுக்கட்டை, தெரளிக் கொழுக்கட்டை, மண்டையப்பம்: இவை என்ன?

மூன்றும் வேறு. “மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி” என்று சொல்லி, அந்த மாதச் செவ்வாய்க்கிழமை ராத்திரியில் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாமல் அவிப்பது ஔவையார் நோன்புக் கொழுக்கட்டை. ஆண்கள் அதைப் பார்க்கவும் கூடாது என்பது வழக்கம், அதனால் இங்கே செய்முறை எழுதவில்லை. உங்கள் வீட்டுப் பெரிய அம்மையிடம் கேளுங்கள். தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் கூட்டம் நிறையும்.

திருக்கார்த்திகைக்குச் செய்வது தெரளி. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், பழம், ஏலம் பிசைந்து தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்து அவிப்பது. காட்டுக் கருவாப்பட்டை இனத்து இலை. வேகும்போது அதன் மணம் மாவுக்குள் இறங்கும். இலை இல்லாமல் வாழையிலையில் செய்தால் நல்ல கொழுக்கட்டை கிடைக்கும், தெரளி கிடைக்காது.

மண்டையப்பம் மண்டைக்காடு பகவதியம்மனுக்கு நேர்ச்சை. தலைவலி, தலை நோய் தீர வேண்டிக்கொண்டு அரிசி மாவு, சிறுபயறு, சர்க்கரை சேர்த்து அவித்துப் படைப்பார்கள். மாசிக் கொடை சமயத்தில் கோயிலைச் சுற்றி அடுப்புப் புகையைப் பார்க்கலாம்.

கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலையிலேயே ஊற்றுகிறார்களே, எப்படிச் சாப்பிடுவது?

கையால்தான். பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தை உரித்து, பாயசத்தோடு இலையிலேயே பிசையுங்கள். பால்பாயசம் என்றால் போளியைப் பிய்த்துப் போடுங்கள். பாயசம் வந்துவிட்டது, பந்தி முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அதன் பிறகு ரசத்துக்கும் மோருக்கும் சோறு வரும். இனிப்புத் திகட்டலுக்கு இஞ்சிப்பச்சடியைத் தொட்டுக்கொள்ளத்தான் இலையின் மூலையில் வைத்திருக்கிறார்கள்.

பந்தி என்பது இந்த மண்ணில் பழைய விஷயம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் ஊட்டுப்புரையைத் தவறவிடாதீர்கள். தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் அது. அங்கே ஊறுகாய் வைத்திருந்த பெரிய பரணிகள் (ஜாடிகள்) இருக்கின்றன. கல்யாண வீட்டில் அவியலுக்குக் காய் நறுக்கும் ராத்திரியில் எனக்கு அந்தக் கூடம் நினைவுக்கு வரும்.

நல்ல கருப்பட்டியை எப்படி அறிவது?

உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக, கருமையாக இருந்தால் நல்லது. சீனி மணிகள் மினுமினுத்தால் கலப்படம். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் லேசான உவர்ப்பு இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும், அது கெட்டதன் அறிகுறி அல்ல. அடுப்புக்குப் பக்கத்தில் மண்பானையில் வையுங்கள்.

கோடையில் வந்தால் கருப்பட்டிக்கு முன்னால் அக்கானி குடியுங்கள். மற்ற ஊரில் பதநீர் என்பார்கள். காலையில், இறக்கிய இடத்திலேயே, பனையோலைப் பட்டையில்.

தேங்காய் எண்ணெய் இதயத்துக்குக் கெடுதல் இல்லையா?

அதில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புதான், அதை மறைக்க முடியாது. கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்குள் நில்லுங்கள். அவியலுக்கு ஒரு கரண்டி பச்சை எண்ணெய் இறுதியில் விடுவதும், தினமும் அதிலேயே பொரித்துத் தின்பதும் ஒன்றல்ல. பொரியலைக் குறைத்துவிட்டு அந்த ஒரு கரண்டியை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பழஞ்சிக்கு என்ன பக்குவம்?

ராத்திரி மிஞ்சிய சம்பாச் சோறு ஆறியதும் மூழ்கத் தண்ணீர் விட்டு மண்சட்டியில் மூடி வையுங்கள். காலையில் கையால் பிசைந்து, உப்பு, மோர், நசுக்கிய சின்ன உள்ளி, ஒரு காந்தாரி. பக்கத்தில் நேற்றைய தீயலோ புளிமுளமோ சட்டியில் ஒட்டிக்கிடப்பதை வழித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வேண்டாம், பழஞ்சி போதும் என்று பிள்ளைகளே கேட்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. வெயில் காலத்தில் எட்டு மணிக்கு மேல் வைத்திருக்காதீர்கள், அதிகம் புளித்துவிடும்.

ஊருக்கு வெளியே இருக்கிறோம். அம்மி கிடையாது, நல்ல தேங்காயும் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

மிக்ஸி போதும். சதைக்க வேண்டியதற்குச் சின்ன ஜாரில் தண்ணீர் இல்லாமல் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று. மைய அரைக்க வேண்டியதற்குப் பொடிகளையும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து நடுவில் ஒருமுறை ஓரத்தை வழித்துவிட்டு ஓட்டுங்கள். ஜார் சூடானால் நிறுத்திவிடுங்கள். சூட்டில் தேங்காய் எண்ணெய் கக்கிக் குழம்பு திரிந்த மாதிரி ஆகும்.

உறையவைத்த துருவல் குழம்புக்கும் தீயலுக்கும் சரிப்படும். வறுக்கும் முன் ஈரத்தை வற்றவிட இன்னும் ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கொடுங்கள். துவரனுக்கு அது ஒத்துவராது, வெந்ததும் சக்கையாக நிற்கும். அதற்கு மட்டும் எப்பாடு பட்டாவது ஒரு பச்சைத் தேங்காய் வாங்குங்கள். பாக்கெட்டில் வரும் உலர்ந்த துருவலை எதற்கும் வாங்க வேண்டாம்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் சிப்ஸ் மட்டும் கேட்காமல், வறுத்து அரைத்த தீயல் விழுதைத் தண்ணீர் படாத டப்பாவில் கேளுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், உறையறையில் அதற்கும் மேல். உள்ளியை வதக்கிப் புளியைக் கரைத்தால் கால் மணி நேரத்தில் குழம்பு.